நீலகிரி மரம் இல்லாத நீலகிரி

எங்கள் பூதிகோட்டைப் பக்கம் தைல மரத்துக்கு 'நீலகிரி' என்றுதான் பெயர். கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள், தமிழ் பேசும் நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். "நீலகிரித் தோப்புக்குப் பக்கத்துல பஸ் நிக்கும்" என்றால் ஊட்டிக்குப் போகிற பஸ் என்று நினைத்துவிடாதீர்கள். யூகலிப்டஸ் தோப்பு என்று அர்த்தம். அந்த மரமே நீலகிரி மலையில் பிறந்தது என்றுதான் சின்ன வயதில் எல்லோரும் நம்புவோம்.

அது பிறந்தது ஆஸ்திரேலியாவில். இந்தியாவுக்கு முதலில் வந்த இடமும் ஊட்டி இல்லை, எங்கள் பக்கத்து நந்தி மலை. 1790 வாக்கில் திப்பு சுல்தான் அங்கே தன் தோட்டத்தில் நட்டதாக வனத்துறை நூல்கள் சொல்கின்றன. திப்புவின் அப்பா ஹைதர் அலி பிறந்தது எங்கள் பூதிகோட்டையில், 1720 வாக்கில். (ஊர்ப் பெருமை பேச வாய்ப்புக் கிடைத்தால் விடுவேனா! :-)) நந்தி மலை மரங்களின் வம்சம்தான் பிற்காலத்தில் 'மைசூர் கம்' என்ற பெயரில் நாடெங்கும் நடப்பட்டது.

ஊர்க்காரர்கள் ஒரு ஆஸ்திரேலிய மரத்துக்கு நீலகிரி என்று பெயர் வைத்ததில் தப்பு சொல்ல முடியாது. ஊட்டிக்குப் போய்ப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஊட்டி என்றாலே தைல மரம், தைல எண்ணெய்க் கடை, சினிமாப் பாட்டில் வரும் உயரமான மரங்கள். அப்படியானால் இந்த மரங்கள் வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? காடா? வெறும் பொட்டலா? இந்தக் கேள்விக்குப் பதில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பதில் இருக்கிறது, ஊட்டியைச் சுற்றியுள்ள சதுப்புகளின் கறுப்பு மண்ணுக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவில். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கமும் தூசியும்

தங்கவயல்காரர்களுக்கு பூமியைத் தோண்டுவது புதிதல்ல. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததில் இருந்து 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியது வரை நூற்றிருபது வருடம் தோண்டினோம். வட ஆற்காட்டில் இருந்தும் சேலத்தில் இருந்தும் போன தமிழ்க் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக அந்தக் குழிக்குள் இறங்கின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்தப் பாறையின் வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டு. அவ்வளவு பழைய கல்லில் பூவும் புல்லும் பற்றி எதுவும் இருக்காது. பூமியில் பூக்கும் செடியே அப்போது கிடையாது.

நீலகிரியில் தோண்டவேண்டிய ஆழம் ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய. அதற்குள் நாற்பதாயிரம் ஆண்டுக் கதை இருக்கிறது.

இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள நீலகிரி மேட்டுநிலம் முழுக்க அலை அலையாகக் குன்றுகள். இரண்டு குன்றுக்கு நடுவே தண்ணீர் வடிய வழியில்லாத பள்ளங்களில் சதுப்பு உருவாகிறது. அங்கே வளர்ந்து மடியும் புல், கோரை, பாசி எல்லாம் தண்ணீருக்குள் அமிழ்ந்துவிடும். குளிர், புளிப்பேறிய தண்ணீர், உள்ளே பிராணவாயு கிடையாது. மக்கவைக்கும் நுண்ணுயிர்களால் முழுசாக வேலை செய்ய முடியாது. எனவே செடிகள் அரைகுறையாக மக்கி, கறுத்து, அடுக்கடுக்காகப் படியும். இதுதான் பீட் மண். இதையே கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்கடியில் அழுத்தி வைத்தால் நெய்வேலியில் கிடைப்பது போன்ற பழுப்பு நிலக்கரி ஆகும். நிலக்கரிக்குக் குழந்தைப் பருவம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நம் மாதிரி வெப்ப நாட்டில் இது அபூர்வம். செத்தது எதுவும் ஒரு மழைக்காலம் தாங்காத ஊரில் பத்தாயிரக்கணக்கான வருடம் மக்காமல் கிடக்கும் மண் என்றால் சும்மாவா?

அந்த மண்ணுக்குள் மாட்டிக்கொண்டவற்றில் முக்கியமானது மகரந்தம். காற்றில் பறந்து வந்து சதுப்பில் விழுந்த மகரந்தத் தூள். ஒரு புல்லின் மகரந்த மணி ஏறத்தாழ முப்பது மைக்ரான் விட்டத்தில் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் முப்பது மணிகளை வரிசையாக அடுக்கலாம். அதன் வெளி ஓடு 'ஸ்போரோபொலெனின்' என்ற பொருளால் ஆனது. இயற்கை செய்த பொருட்களிலேயே மிகக் கெட்டியானவற்றில் ஒன்று. உள்ளே இருக்கும் உயிர்ப்பொருள் அழிந்தாலும் ஓடு அப்படியே நிற்கும். ஓட்டின் மேல் உள்ள முள், வலை, துளை, வரி எல்லாம் செடிக்குச் செடி வேறு. ரோடோடென்ட்ரான் மரத்துக்கு நான்கு மணிகள் ஒன்றாக ஒட்டியிருக்கும். வாட்டில் போன்ற அகேசியா மரங்களுக்குப் பல மணிகள் சேர்ந்த பொட்டலம். புல்லுக்கு உருண்டையில் ஒற்றைத் துளை. எந்த மரம், எந்தச் செடிக் குடும்பம் என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஸ்வீடனில் இருந்து ஊட்டிக்கு

நான் இப்போது குடியிருக்கும் ஸ்வீடனில் மகரந்தம் என்ற சொல்லை ஆராய்ச்சியாளர் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏப்ரல் பிறந்தால் வானிலை அறிக்கைக்குப் பக்கத்திலேயே மகரந்த அறிக்கையும் வரும். பிர்ச் மரம் பூத்தால் ஆபீஸில் பாதிப் பேருக்குக் கண் சிவந்திருக்கும். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பலருக்கும் அலர்ஜி மாத்திரை வாங்கி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

தும்மல் வரவைக்கும் அதே தூளை வரலாறாகப் படிக்கலாம் என்று காட்டியவரும் ஒரு ஸ்வீடன்காரர்தான். லெனார்ட் வான் போஸ்ட் என்ற நிலவியலாளர். பீட் சதுப்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1916இல் இன்றைய ஆஸ்லோவில் நடந்த ஒரு மாநாட்டில், சதுப்பின் ஒவ்வொரு அடுக்கிலும் எந்த மர மகரந்தம் எத்தனை சதவீதம் என்று எண்ணி வரைபடமாகப் போட்டுக் காட்டினார். பனியுகத்துக்குப் பின் எந்தக் காடு எப்போது வந்தது, எப்போது போனது என்பது அந்தப் படத்தில் தெரிந்தது. இன்னொரு ஸ்வீடன்காரர், குன்னர் எர்ட்மன், மண்ணில் இருந்து மகரந்தத்தை அமிலங்களால் சுத்தப்படுத்தி எடுக்கும் முறையைத் தந்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் அந்த முறை இருக்கிறது.

ஒரு வேடிக்கை. இருபதாயிரம் ஆண்டுக்கு முன்னால் நான் உட்கார்ந்து தட்டச்சும் இந்த இடத்தின் மேல் கிலோமீட்டர் கணக்கில் பனிப்பாறை. இன்று இங்கே காலடியில் இருக்கும் சதுப்புகள் எல்லாம் அது உருகிய பிறகு வந்தவை. மகரந்த வரலாற்றைக் கண்டுபிடித்த நாட்டின் சதுப்புகளை விட ஊட்டியின் சதுப்புகள் வயதில் மூத்தவை!

"சும்மா கிடக்கும் நிலம்"

சரி, ஊட்டிக்கு வருவோம். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறினார். வெள்ளைக்காரர்களுக்கு இங்கிலாந்து ஞாபகம் வந்தது. ஏரி வெட்டினார்கள், பங்களா கட்டினார்கள். அவர்கள் பார்த்தது குன்றெல்லாம் புல்வெளி, பள்ளங்களிலும் மடிப்புகளிலும் மட்டும் அடர்ந்த குட்டைக் காடு. அந்தக் காட்டுக்குச் 'சோலை' என்று நம் சொல்லே ஆங்கிலத்திலும் போய்விட்டது. புல்வெளியில் தோடர்கள் எருமை மேய்த்தார்கள். கோத்தர், படகர், குறும்பர், இருளர் என்று மற்றவர்களும் இருந்தார்கள்.

குளிருக்கு விறகு வேண்டும். சோலை மரங்களை வெட்டினால் மறுபடி வளர ஒரு தலைமுறை போதாது. எனவே 1840களில் ஆஸ்திரேலியாவில் இருந்து வாட்டிலும் யூகலிப்டஸும் வந்தன. சில வருடங்களில் அரசாங்கமே தோப்புத் தோப்பாக நட ஆரம்பித்தது. எங்கே நடுவது? புல்வெளியில்தான். கணக்குப் புத்தகத்தில் அது தரிசு. விளைச்சல் இல்லை, மரம் இல்லை, வரி இல்லை. எருமை மேய்வதெல்லாம் ஒரு பயன்பாடா?

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. விறகு போய் ஆலைகளுக்கு மரக்கூழ் என்று ஆனது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிலுக்குப் பட்டை வேண்டும் என்று வாட்டில் நடப்பட்டது. குந்தா, பைக்காரா என்று மின் திட்டங்களுக்கு அணைகள் எழும்பின. தண்ணீர் தேங்க வசதியான பள்ளம் எது? சதுப்புதான். சாண்டிநல்லாவில் ஒரு பள்ளத்தாக்கு இப்போது காமராஜ் சாகர் அணையின் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது. இந்தப் புல்வெளி இயற்கையானதே அல்ல, ஒரு காலத்தில் எல்லாம் சோலைக்காடாக இருந்தது, மேய்ச்சல்காரர்கள் தீ வைத்து வைத்து அழித்துப் புல்லாக்கிவிட்டார்கள் என்று. அப்படியானால் மரம் நடுவது பழையபடி காடாக்கும் நல்ல காரியம் ஆகிவிடுகிறது. தோடர்களும் எருமைகளும் குற்றவாளிகள் ஆகிவிடுகிறார்கள்.

1938இல் இது பற்றி இரண்டு வன அதிகாரிகள் எதிரெதிராக எழுதினார்கள். என்.எல். போர் என்பவர் தீயும் மேய்ச்சலும்தான் புல்வெளியைப் பிடித்து வைத்திருக்கின்றன என்றார். சி.ஆர். ரங்கநாதன் என்பவர் இல்லை, உறைபனிதான் காரணம் என்றார். குளிர்கால இரவுகளில் திறந்த வெளியில் விழும் உறைபனி சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடுகிறது, மடிப்புகளுக்குள் மட்டும் அவை தப்பிக்கின்றன, ஆகவே புல்லும் சோலையும் இரண்டுமே இயற்கையானவை என்பது அவர் வாதம். இரண்டு பேருமே கண் முன்னால் இருந்ததைப் பார்த்துச் சொன்னார்கள். பத்தாயிரம் வருடத்துக்கு முன்னால் இருந்த சாட்சியை யாரும் விசாரிக்கவில்லை.

லக்னோவும் புதுச்சேரியும்

அந்தச் சாட்சியைக் கூப்பிட இரண்டு ஊர்களில் ஆள் தயாரானார்கள். ஒன்று லக்னோ. தாவரத் தொல்லுயிர் ஆய்வுக்கென்று பீர்பால் சாஹ்னி ஆரம்பித்த நிறுவனம். 1949 ஏப்ரல் 3ஆம் தேதி நேரு அதன் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 10ஆம் தேதி சாஹ்னி காலமானார். மனைவி சாவித்திரி சாஹ்னி அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தினார். அங்கே பணியாற்றிய விஷ்ணு மித்ரேயும் எச்.பி. குப்தாவும் 1960களிலும் 70களிலும் நீலகிரிச் சதுப்புகளில் மண் எடுத்து மகரந்தம் எண்ணினார்கள். சோலைக்கு முன்னால் புல்வெளி இருந்திருக்கிறது, சோலை பிறகு பரவியிருக்கிறது என்ற பக்கம் அவர்கள் முடிவு சாய்ந்தது.

இன்னொரு ஊர் புதுச்சேரி. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். கடற்கரைச் சாலைப் பக்கம் நடந்து போனவர்கள் அந்தக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மகரந்த ஆய்வகத்தை உலகம் அறியும் இடமாக ஆக்கியவர் ஒரு தமிழர், கணபதி தணிகைமணி.

மகரந்த ஆய்வில் அஸ்திவாரம் எது தெரியுமா? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சேகரிப்பு. மண்ணில் இருந்து ஒரு மணி கிடைக்கிறது, அது எந்த மரம் என்று எப்படித் தெரியும்? இன்று உயிரோடு இருக்கும் ஒவ்வொரு செடியின் பூவில் இருந்தும் மகரந்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பதித்து, பெயர் எழுதி வைத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் சில நூறு மர வகைகளோடு வேலை முடிந்துவிடும். வெப்ப நாடுகளில் ஆயிரம் ஆயிரமாக வகைகள். அந்த வேலையைப் புதுச்சேரியில் செய்தார்கள். உலகில் எந்தச் செடியின் மகரந்தத்தைப் பற்றி யார் எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று தணிகைமணி தொகுத்த அட்டவணையின் முதல் தொகுதி 1972இல் வந்தது. இணையமும் தேடுபொறியும் இல்லாத காலத்தில் ஒரு மனிதர் செய்த வேலை என்பதை நினைத்துப் பாருங்கள். 1974இல் பிரான்சுவா பிளாஸ்கோவுடன் சேர்ந்து தென்னிந்திய மலைகளின் தாவர வரலாறு பற்றியும் எழுதினார்.

1986 செப்டம்பர் 5. மும்பையில் இருந்து கராச்சி, பிராங்க்பர்ட் வழியாக நியூயார்க் போகவேண்டிய பான் ஆம் 73 விமானம் கராச்சியில் கடத்தப்பட்டது. விமானப் பணிப்பெண் நீரஜா பானோட் பயணிகளைக் காப்பாற்றி உயிர் விட்டாரே, 2016இல் இந்திப் படமாகக்கூட வந்ததே, அதே விமானம். அன்றிரவு சுமார் 20 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் தணிகைமணி. வயது ஐம்பதுகூட ஆகவில்லை. சதுப்புநில அலையாத்திக் காடுகளின் மகரந்தம் பற்றிய அவருடைய புத்தகம் அடுத்த வருடம், 1987இல், அவர் இல்லாமல் வெளிவந்தது. நீரஜாவின் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும், தெரியவேண்டியதுதான். தணிகைமணியின் பெயரும் தமிழ் வீடுகளில் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அவர் வளர்த்த அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஜி. வசந்தி, சாண்டிநல்லா பீட் மண்ணின் மகரந்த வரலாற்றை 1988இல் வெளியிட்டார். அந்த மேட்டுநிலத்தின் புல்வெளி பத்தாயிரக்கணக்கான ஆண்டு பழையது என்பது அதில் தெரிந்தது.

ராகி சொன்ன சாட்சி

ஆனால் மகரந்தத்துக்கு ஒரு குறை உண்டு. புல்லின் மகரந்தம் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். ஆயிரக்கணக்கான புல் வகைகளுக்கும் அதே உருண்டை, அதே ஒற்றைத் துளை. வறண்ட காலத்துப் புல்லா, ஈரமான காலத்துப் புல்லா என்று நுண்ணோக்கி சொல்லாது. தவிர, மகரந்தம் காற்றில் வருவது, கீழே சமவெளியில் இருந்துகூட மேலே ஏறி வந்துவிடும்.

இங்கேதான் எங்கள் ஊர் ராகி உதவிக்கு வருகிறது. செடிகள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் விதம் முக்கியமாக இரண்டு. மரங்கள், நெல், குளிர்ப்பிரதேசப் புற்கள் ஒரு விதம், அதை சி-3 என்பார்கள். ராகி, கம்பு, சோளம், கரும்பு, வெப்பமும் வறட்சியும் தாங்கும் புற்கள் இன்னொரு விதம், சி-4. தண்ணீர் குறைவாக இருந்தாலும், காற்றில் கரியமில வாயு குறைவாக இருந்தாலும் சி-4 சமாளிக்கும். கோலார் மாவட்டத்துக் களி உருண்டைக்குக் காரணம் புரிகிறதா? இந்த இரண்டு வகைச் செடிகளும் கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பனை வெவ்வேறு அளவில் சேர்த்துக்கொள்ளும். சி-4இல் அது அதிகம். செடி செத்து பீட் ஆன பிறகும் அந்த விகிதம் மாறாது.

யானை ஆராய்ச்சியாளராக நமக்குத் தெரிந்த பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோருடன் சேர்ந்து நீலகிரி பீட்டில் இதை அளந்தார். 1993இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஒவ்வொரு அடுக்கின் வயதையும் ரேடியோகார்பன் முறையில் கணக்கிட்டு, இருபதாயிரம் ஆண்டு வரலாற்றை எழுதினார்கள். பிறகு அது நாற்பதாயிரம் வரை நீண்டது.

கதைச் சுருக்கம் இது. இருபதாயிரம் ஆண்டுக்கு முன், உலகம் பனியுகத்தின் உச்சத்தில் இருந்தபோது, பருவமழை பலவீனம். நீலகிரி மேலே சி-4 புல்லின் ராஜ்ஜியம். பிறகு உலகம் சூடானது, பருவமழை பலத்தது, ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுக்கு முன் நல்ல ஈரமான காலம், சி-3 செடிகள் பெருகின. ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுக்கு முன் தொடங்கி மறுபடி ஒரு நீண்ட வறட்சி, மறுபடி சி-4 புல். சோலை விரிவதும் சுருங்குவதுமாக இருந்திருக்கிறது. புல் மட்டும் முழுசாகப் போகவே இல்லை.

மேட்டு நீலகிரியில் மனிதர்கள் கட்டிய கல்வட்டங்கள், ஈமச்சின்னங்கள் எல்லாம் பெரும்பாலும் இரண்டாயிரம் ஆண்டுக்கு உட்பட்டவை. புல்வெளியோ அதற்குப் பல மடங்கு மூத்தது. எருமை வருவதற்கு முன்பே புல் இருந்தது.

மனிதன் கை வைக்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மேய்ச்சலும் தீயும் புல்வெளியின் எல்லையை இங்கும் அங்கும் நகர்த்தியிருக்கும். இடத்துக்கு இடம் கதை கொஞ்சம் மாறுகிறது என்று பின்னால் வந்த மண் ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆனால் 'எல்லாம் காடாக இருந்தது, மேய்ப்பர்கள் அழித்தார்கள்' என்ற பழைய குற்றச்சாட்டு நிற்கவில்லை. ரங்கநாதன் உறைபனியைப் பார்த்துச் சொன்னதன் பக்கம் பீட் மண்ணும் சாட்சி சொல்லிவிட்டது.

இப்போது யூகலிப்டஸும் வாட்டிலும் எங்கே? அதே பீட்டில் தேடினால் மேல் மண்ணில்தான் அவற்றின் மகரந்தம் இருக்க முடியும். 1840களுக்குக் கீழே ஒரு மணிகூட இருக்க வழியில்லை. நாற்பதாயிரம் ஆண்டுப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் மட்டும் வரும் பாத்திரம், தன் பெயரையே நீலகிரி என்று வைத்துக்கொண்டுவிட்டது!

இதில் நமக்கென்ன?

சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம் சங்கங்களில் பொங்கலுக்கோ சித்திரைக்கோ ஒரு வசூல் நடக்கும். ஊரில் மரக்கன்று நட. ஆயிரம் கன்று, பத்தாயிரம் கன்று, லட்சம் கன்று. குழந்தைகள் பிறந்தநாளுக்கு ஒரு மரம். நல்ல மனசுதான், நானும் கொடுப்பவன்தான். ஆனால் எங்கே நடுகிறார்கள் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? 'சும்மா கிடக்கும் நிலத்தில்' என்று பதில் வரும். இருநூறு வருடம் முன்னால் கலெக்டர்கள் பேசிய அதே பாஷை.

பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. காரணம் மரத் தோட்டங்களும் விவசாயமும். கானுயிரும் அதோடு போகிறது. நம் மாநில விலங்கான வரையாடு காட்டு விலங்கு என்று பொதுவாகச் சொல்கிறோம், உண்மையில் அது புல்வெளி விலங்கு. குறிஞ்சி பூப்பதும் திறந்த சரிவுகளில்தான், தைலத் தோப்பின் நிழலில் அல்ல. வாட்டில் தானாகவே விதை பரப்பிப் புல்லை மூடிக்கொண்டு போகிறது. இப்போது வனத்துறை அதை வெட்டி எடுக்கப் பார்க்கிறது. நட்டவர்களே பிடுங்கும் வேலை.

கோலாரிலும் இதே கதை சமவெளியில் நடந்தது. 1980களில் ராகி வயல்களில் யூகலிப்டஸ் ஏறியது. கிணறுகள் வற்றியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று விவசாயிகள் சண்டை போட்டார்கள். 2017இல் கர்நாடக அரசு புதிதாக நடுவதற்கே தடை போட்டது. அதைத் தனிப் பதிவாக எழுத வேண்டும்.

சதுப்புகளின் நிலைமை இன்னும் மோசம். புல்வெளிக்காவது பேச ஆள் இருக்கிறது. பள்ளத்துச் சதுப்பு என்றால் கொசு, சேறு. வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டால் கறுப்பு மண், கேரட்டுக்கும் உருளைக்கும் பிரமாதம். சிறு விவசாயியைக் குறை சொல்லி என்ன பயன், அவருக்கும் பிள்ளை படிக்க வேண்டும். ஆனால் பீட் ஒருமுறை காய்ந்து காற்றுப் பட்டால் மக்க ஆரம்பிக்கும். நாற்பதாயிரம் வருடமாக மக்காமல் இருந்தது சில பத்து வருடங்களில் பொடியாகும். அதற்குள் அடைந்திருந்த கார்பன் காற்றுக்குப் போகும். கோடையில் ஓடைக்குத் தண்ணீர் விடும் பஞ்சு போய்விடும். தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு அறுக்கும் ஒருவகைப் புல் சதுப்பில்தான் வளர்கிறது, அதுவும் போகும். கூடவே சாட்சியும் போகும். தங்கவயலில் குழியை மூடினாலும் கல் கீழே இருக்கிறது, என்றைக்காவது யாராவது இறங்கலாம். காய்ந்து போன பீட்டுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது.

அதனால் இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை மரக்கன்றுக்குப் பணம் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் மூன்று கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள். எந்த இடம்? அங்கே இதற்கு முன் என்ன இருந்தது? எந்த மரம்? பதில் 'மலைப் புல்வெளி' என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பணத்தை வாட்டில் அகற்றவோ புல்வெளியை மீட்கவோ வேலை செய்பவர்களுக்குத் தரலாம்.

இரண்டாவது, ஜூலை விடுமுறையில் பிள்ளைகளோடு ஊட்டிக்குப் போவீர்கள். படகுச் சவாரி, தொட்டபெட்டா, சாக்லேட் எல்லாம் ஆகட்டும். மைசூர் சாலையில் திரும்பி வரும்போது, இரண்டு குன்றுக்கு நடுவே பச்சையும் பழுப்புமாகச் சொதசொதவென்று ஒரு பள்ளம் தென்பட்டால் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே இறங்கி மிதிக்க வேண்டாம், கரையில் நின்றால் போதும். இங்கே பிர்ச் மகரந்தத்துக்குத் தும்மும் பிள்ளைகளிடம், அதே மாதிரித் தூள் அந்தச் சேற்றுக்குள் நாற்பதாயிரம் வருடமாக விழுந்து கிடக்கிறது, அதை எண்ணியே இந்த மலையின் கதையை எழுதினார்கள், எழுதியவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு என்று சொல்லுங்கள். தணிகைமணி என்ற பெயரையும் சொல்லி வையுங்கள்.